துட்டி கேட்டவர்கள் திரும்பிய பிறகு

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கு சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இந்தக் கணக்கில் வராதவர்கள் இதைப் போலப் பல மடங்கு: மனைவி, கணவன், பிள்ளைகள், பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இறந்தவருக்குக் காவல் நிலையத்தில் ஒரு கோப்பு திறக்கப்படுகிறது. மிஞ்சியவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதும் கோப்பு எந்த அலுவலகத்திலும் இல்லை.

உதவியே இல்லை என்பதல்ல. சிதறிக் கிடக்கிறது. கொஞ்சம் காவல் நிலையத்தில், கொஞ்சம் வட்டாட்சியர் அலுவலகத்தில், கொஞ்சம் பி.எஃப். அலுவலகத்தில், கொஞ்சம் அரசு மருத்துவமனையில், கொஞ்சம் தொலைபேசியின் மறுமுனையில். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி ஆறு ஒன்றுதான், அலுவலகங்கள் அப்படியில்லை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை எல்லாம் திருநெல்வேலி மாவட்டம். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் தூத்துக்குடி மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு கடையம், ஆலங்குளம் பக்கத்தினருக்கு மாவட்ட அலுவலகங்கள் அங்கே போய்விட்டன.

சாப்பிடக்கூட மறந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணால் இத்தனை இடங்களுக்கும் அலைய முடியாது. அதனால் இந்த அத்தியாயம் முதலில் சொல்வது ஒரே ஒரு ஏற்பாடு: குடும்பம் ஒரு துணையாளை நியமித்துக்கொள்ள வேண்டும். மிக நெருங்கிய ரத்த உறவு வேண்டாம். அவர்களும் துக்கத்தில் இருப்பவர்கள். ஒரு மைத்துனர், ஒன்றுவிட்ட சித்தப்பா, அடுத்த தெரு ஆசிரியர் என யாராவது ஒருவர். அவர் கையில் ஒரு ஃபைலும் ஒரு நோட்டும் இருக்க வேண்டும். எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் போனோம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், எப்போது வரச் சொன்னார்கள் என்பதை அந்த நோட்டில் எழுதிவர வேண்டும். கீழே வரும் பகுதிகள் பெரும்பாலும் அவருக்காகவே.

முதல் நாள்

வீட்டில் நிகழும் இயற்கை மரணத்துக்குப் போலீஸ் வருவதில்லை. தற்கொலைக்கு வந்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகும். பழைய ஆட்களும் பழைய காகிதங்களும் இதை 174 என்று சொல்லும். ‘கேஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் வீடு நடுங்குவது இயல்பு. ஆனால் இந்தப் பிரிவு யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. மரணம் எப்படி நேர்ந்தது என்று விசாரிக்கும் கடமையைக் காவல்துறைக்குத் தருவது மட்டுமே அதன் வேலை.

விசாரணை பெரும்பாலும் வீட்டு வாசலிலோ பிணவறை வராந்தாவிலோ நடக்கும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் எஸ்.ஐ. உட்கார்ந்திருப்பார். அச்சடித்த படிவத்தில் இன்னொருவர் எழுதிக்கொண்டே போவார். உள்ளூர்க்காரர்கள் சிலர் பஞ்சாயத்தார் என்ற முறையில் கடைசியில் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்துக்கு முன் எழுதியதை வாசித்துக் காட்டும்படி துணையாள் கேட்க வேண்டும். இறந்தவர் பெயர், வயது, தந்தை பெயர், முகவரி ஆகியவை ஆதார் அட்டையில் இருப்பதுபோலவே எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். இங்கே விழுகிற ஓர் எழுத்துப் பிழை இன்சூரன்ஸ் அலுவலகம் வரை கூடவே வரும்.

பிரேதப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் நடக்கும், கட்டணம் கிடையாது. மாலையில் உடல் வந்து சேர்ந்தால் மறுநாள் வரை காத்திருக்க நேரும். சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதி தந்தது. ஆனால் கொலை, தற்கொலை போன்ற மரணங்களுக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எழும் சூழல் தவிர, அது பொருந்தாது. இது தெரிந்தால் இரவு முழுவதும் மருத்துவமனை வாசலில் பத்துப் பேர் நிற்க வேண்டியதில்லை. இரண்டு பேர் இருந்தால் போதும். உடலை ஊருக்குக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தியைக் கேட்கலாம்.

திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலான அதிகாரி விசாரிப்பார். திருநெல்வேலி மாவட்டத்தில் நெல்லை, சேரன்மகாதேவி என்று இரண்டு கோட்டங்கள். அம்பை வட்டத்து விசாரணை சேரன்மகாதேவிக்குப் போகும். பெண்ணின் பெற்றோருக்குச் சந்தேகம் இருந்தால் சொல்ல வேண்டிய இடம் இதுதான். வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இறந்தவர் எழுதிய கடிதம் இருந்தால், அவருடைய கைப்பேசியுடன் சேர்த்துப் போலீஸ் அதையும் எடுத்துச் செல்லும். கடிதத்தைக் கொடுக்கும் முன் குடும்பம் ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. அது மற்றவர் கண்ணில் படாமல் துணையாளின் ஃபைலிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுக்களில் அதைப் பகிரச் சொல்லி வருகிறவர்களுக்கு ‘முடியாது’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். செய்தியாளர்களுக்குப் படம் கொடுக்கும் கட்டாயமும் கிடையாது. தற்கொலைச் செய்திகளில் முறையை விவரிக்கக் கூடாது, படங்களைப் போடக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது.

துட்டி வீட்டில்

நெல்லைச் சீமையில் யார் வீட்டில் சாவு என்றாலும் துட்டி கேட்கப் போகாமல் இருப்பதில்லை. இந்த மரணத்துக்கும் கூட்டம் வரும். ஆனால் வருகிறவர்களின் பேச்சு வேறு மாதிரி இருக்கும். “எதுக்குடே இப்படிப் பண்ணினான்? வீட்ல ஏதும் சண்டையா?” என்ற கேள்வி இருபது வாயிலிருந்து வரும். இருபது முறையும் பதில் சொல்ல வேண்டியவர் விதவையான பெண்ணாகவோ பெற்ற தாயாகவோ இருப்பார். ‘இவ என்ன சொன்னாளோ’ என்ற முணுமுணுப்பும் அவர் காதில் விழாமல் போகாது.

தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் அநேகமாக இருப்பதில்லை. மனநோய், குடி, கடன், தீராத உடல் நோய், உறவுச் சிக்கல் எனப் பலவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கடைசி நாள் நடந்த வாக்குவாதம் எல்லோர் கண்ணிலும் படுவதால் பழி அதன்மேல் போய் விழுகிறது. துணையாளின் முதல் வேலைகளில் ஒன்று இந்தக் கேள்விகளை வாசலிலேயே நிறுத்துவது: “அதெல்லாம் இப்ப கேக்காதிய. உள்ள போயி சும்மா பக்கத்துல இரிங்க.”

உண்மையிலேயே உதவுகிற பேச்சு மிகச் சாதாரணமானது. “மைனி, மாட்டுக்கு நான் தண்ணி காட்டுதேன்.” “ராத்திரிக்கு நான் இங்கனயே படுத்துக்கிடுதேன்.” “பிள்ளைகளுக்கு நாளைக்குச் சோறு எங்க வீட்ல.” இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுவதும் உதவிதான். மற்ற சாவுகளில் வாழ்ந்த கதையைச் சொல்லி அழுவார்கள். இதில் பெயரை எடுக்கவே தயங்குகிறார்கள். அந்த மௌனத்தைக் குடும்பம் அவமானமாகவே எடுத்துக்கொள்ளும்.

சடங்குகளைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியமோ, ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் தர்ப்பணமோ குடும்பத்தின் விருப்பம். கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய சட்டத் தொகுப்பில் தற்கொலையால் இறந்தவருக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டிருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. யாராவது தடை சொன்னால் பங்குத் தந்தையிடம் நேரே கேட்டுவிடலாம்.

காகித வேலை

முதலில் வாங்க வேண்டியது முதல் தகவல் அறிக்கையின் நகல். தகவல் கொடுத்தவருக்கு அது இலவசம். அடுத்தது பிரேதப் பரிசோதனைச் சான்று. மூன்றாவது இறப்புச் சான்றிதழ். மரணம் எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்த உள்ளாட்சியில்தான் இறப்பைப் பதிய வேண்டும். அம்பையில் வீடு, உயிர் போனது பாளை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் என்றால் பதிவு அம்பையில் நடக்காது. 21 நாட்களுக்குள் தகவல் தந்துவிட்டால் அலைச்சல் இல்லை. ஓராண்டு தாண்டினால் வருவாய்த் துறை அதிகாரியின் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது.

நான்காவது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். இறந்தவர் ஆணாக இருந்து, மனைவி, பிள்ளைகளுடன் தாயும் உயிரோடு இருந்தால் அவர் பெயரும் இருக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் இந்தச் சான்றிதழ் மாதக்கணக்கில் நின்றுபோவதுண்டு. துணையாள் பொதுவானவராக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடலின் மாதிரிகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயிருந்தால் அறிக்கை வர நாளாகும். அது வந்த பிறகே காவல்துறை இறுதி அறிக்கையைத் தயாரிக்கும். சில காப்பீட்டு நிறுவனங்கள் அதையும் கேட்கும் என்பதால் வழக்கு எண்ணையும் நிலையத்தின் தொலைபேசி எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

வர வேண்டிய பணம்

‘தற்கொலைக்கு இன்சூரன்ஸ் பணம் வராது’ என்பது ஊரெங்கும் உலவும் நம்பிக்கை. இதை நம்பியே பாலிசிப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். விதி இதுதான்: ஆயுள் காப்பீட்டு பாலிசி தொடங்கிய தேதியிலிருந்தோ, காலாவதியாகிப் புதுப்பித்த தேதியிலிருந்தோ 12 மாதங்களுக்குள் தற்கொலை நேர்ந்தால், வழக்கமாகக் கட்டிய பிரீமியத்தில் 80 சதவீதமாவது திரும்ப வரும். 12 மாதங்களைத் தாண்டிவிட்டால் காப்பீட்டுத் தொகை முழுவதும் நாமினிக்குச் சேரும். விபத்துக்கான கூடுதல் தொகை மட்டும் கிடைக்காது.

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாஸ்புக்கில் பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் வரும். தற்கொலையும் அதில் அடக்கம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் 30 நாட்கள் மட்டும் விலக்கு. 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா காப்பீடு விபத்துக்கானது. அதில் தற்கொலைக்கு இடமில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘வராது’ என்று திருப்பி அனுப்பினால், எந்தத் திட்டத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் பலருக்குக் கம்பெனி வழியாகப் பி.எஃப். கணக்கு உண்டு. பீடி சுற்றியவர் இறந்தால் மூன்று உரிமைகள் குடும்பத்துக்கு வருகின்றன. சேமிப்புத் தொகைக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்கு 10-டி, வைப்புடன் இணைந்த காப்பீட்டுக்கு 5-ஐ.எஃப். இந்தக் காப்பீட்டின் உச்ச வரம்பு 7 லட்சம் ரூபாய். எப்படி இறந்தார் என்பது இந்த மூன்றுக்கும் பொருட்டல்ல. மண்டல அலுவலகம் திருநெல்வேலி என்.ஜி.ஓ. ‘பி’ காலனியில் இருக்கிறது.

கணவரை இழந்து ஆதரவில்லாத பெண்ணுக்கு மாதம் 1,200 ரூபாய் விதவை ஓய்வூதியம் உண்டு. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள். ஒன்று, 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். இன்னொன்று, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா; வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய். எது பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். தொகைகள் அவ்வப்போது மாறும்; விண்ணப்பிக்கும் அன்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கடன்காரர் வாசலுக்கு வந்தால்

2017 அக்டோபர் 23, திங்கள்கிழமை. மனு நாளன்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நடந்த துயரச் சம்பவத்தில் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே உயிரை இழக்க நேர்ந்தது. கந்துவட்டிக் கொடுமை என்று ஏற்கெனவே மனு கொடுத்திருந்த குடும்பம் அது. தமிழ்நாடே அதிர்ந்த அந்த நாளுக்கு 14 ஆண்டுகள் முன்பே, 2003இல், கந்துவட்டித் தடைச் சட்டம் வந்திருந்தது.

வாங்கியவர் இறந்த மறுவாரமே வந்து நிற்கும் கடன்காரரிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பாவது அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைக்கும்தான். ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அடுத்தது, புதிதாக எந்தப் பத்திரத்திலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போட முடியாது என்பது. மிரட்டல் இருந்தால் புகாரை ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் (மாநகர எல்லைக்குள் என்றால் ஆணையருக்கும்) ஒரே நாளில் எழுத்தில் கொடுத்து எண்ணிட்ட ரசீது பெற வேண்டும். குழுக்கடன் வாங்கியிருந்தால், அந்தக் கடனோடு காப்பீடும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்களா என்று கடன் அட்டையில் பார்ப்பது அவசியம்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரச் சட்டம் இடம் தருகிறது. தொலைபேசி எண் 15100.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது

‘அப்பா வெளியூர் போயிருக்காங்க’ என்று சொல்லப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது ஒருவன் உண்மையைச் சொல்லிவிடுவான். அதற்கு முன் வீட்டில் நம்புகிற ஒருவர், வயதுக்கு ஏற்ற சொற்களில் சொல்லிவிடுவது நல்லது. “அப்பாவுக்கு மனசுல ரொம்ப பெரிய நோவு இருந்துச்சு. அதுல செத்துப்போயிட்டாங்க. நீ எதுவும் தப்புப் பண்ணல” என்ற அளவு போதும். எப்படி என்ற விவரம் தேவையில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். சேட்டை செய்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று சிறு பிள்ளைகள் தாமே முடிவு கட்டிக்கொள்வதுண்டு.

பள்ளிக்குத் திரும்பும் முன் துணையாள் வகுப்பாசிரியரைப் பார்த்து இரண்டு விஷயங்களைச் சொல்லி வைக்கலாம்: எல்லார் முன்னாலும் விசாரிக்க வேண்டாம், பிள்ளை அழுதால் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். உதவி தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான எண் 1098.

மனதுக்கு மருந்து

பிரிட்டனில் 18 முதல் 40 வயது வரையிலான 3,432 பேரிடம் அலெக்சாண்ட்ரா பிட்மன் குழுவினர் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. உறவையோ நண்பரையோ தற்கொலையில் இழந்தவர்கள் தாமும் அந்த முயற்சியில் இறங்கும் வாய்ப்பு, திடீர் இயற்கை மரணத்தில் இழந்தவர்களைவிட 65 சதவீதம் கூடுதல் என்று அது கண்டது. ஆகவே இவர்களுக்கு மனநல உதவி அவசியத் தேவை.

வாரக்கணக்கில் தூக்கமில்லாமை, சாப்பாட்டை ஒதுக்குதல், புதிதாகக் குடி, ‘நான் மட்டும் எதுக்கு இருக்கணும்’ என்ற பேச்சு ஆகியவை தெரிந்தால் நேரடியாகவே கேட்க வேண்டும்: “உசுர விட்டுரலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மீந்த மாத்திரைகளையும் முதல் வாரத்திலேயே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. காட்டுமன்னார்கோவில் வட்டாரத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பொது லாக்கரில் வைக்க ஏற்பாடு செய்து பார்த்தபோது தற்கொலைகள் குறைந்ததைச் சென்னை ‘சிநேகா’ அமைப்பின் ஆய்வு காட்டியது.

நேரில் போக வேண்டிய பெரிய இடம் ஐகிரவுண்ட் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. கீழாற்றுப் பகுதியினருக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் வட்ட மருத்துவமனைகளுக்கும் குறித்த நாட்களில் வருகிறார்கள். எந்த நாள் என்று புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டால் தெரியும். குடும்பத்தில் யாராவது முயற்சி செய்து பிழைத்திருந்தால் ‘கேஸ் ஆகிவிடும்’ என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தரும் கடமையை அரசின் மேல் வைக்கிறது.

இதே இழப்பைப் பட்டவர்களோடு பேச வேண்டும் என்றால் மதுரையைப் பார்க்க வேண்டும். அங்கே எழுத்தாளர் நந்தினி முரளி 2017இல் கணவரைத் தற்கொலையில் இழந்தார். அதை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசத் தொடங்கி, எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையின் கீழ் ‘ஸ்பீக்’ என்ற முன்னெடுப்பை உருவாக்கினார். ‘லெஃப்ட் பிஹைண்ட்’ என்ற அவருடைய ஆங்கில நூல் 2021இல் வந்தது. மிஞ்சியவர்களின் அனுபவத்தை மையமாக வைத்து நம் பக்கத்திலிருந்து வந்த அரிதான நூல்களில் அது ஒன்று.

அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் ஃபிராங்க் கேம்ப்பெல் உருவாக்கிய முறையில், முன்பு உறவை இழந்தவர்களே பயிற்சி பெற்ற தன்னார்வலர்களாக அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போகிறார்கள். அப்படி ஆள் போய்ப் பார்த்த குடும்பங்கள், தாங்களாக உதவி தேடி வந்தவர்களைவிடச் சீக்கிரமே உதவியைப் பெற்றுக்கொண்டன. நெல்லையில் அந்த வீட்டுக்கு ஆள் போகும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. துட்டிக்குப் போகிறவர்களில் ஒருவர் கையில் 14416 என்ற மனநல உதவி எண்ணும், பதினாறாம் நாளுக்குப் பிறகும் வரும் மனமும் இருந்தால் அந்த வேலை இங்கேயும் தொடங்கிவிடும்.

நோட்டின் பின்னட்டையில் எழுத வேண்டிய எண்கள்

14416: டெலி-மானஸ், 2022 அக்டோபர் 10 முதல், 24 மணி நேரமும், தமிழில், கட்டணமின்றி. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று வழங்குவதும் இதுவே.
104: மாநில அரசின் மருத்துவ ஆலோசனை.
044-24640050: சிநேகா, சென்னை, 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது.
181: பெண்களுக்கான உதவி எண்.
1098: குழந்தைகளுக்கு.
15100: இலவசச் சட்ட உதவி.
108: உயிருக்கு ஆபத்து என்றால் வேறு எந்த எண்ணுக்கும் முன்னால் இது.